செம்பு வந்த வழி: புதுக்கோட்டைக் காசும் சாகாய் மலைகளும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் 'அம்மன் காசு' நாணயவியலார் நன்கறிந்த ஒன்று. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். மதிப்பு, அணாவில் இருபதில் ஒரு பங்கு. நவராத்திரி நாள்களில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்ட செப்புக்காசு அது. அச்செம்பு புதுக்கோட்டை மண்ணில் தோண்டி எடுக்கப்பட்டதன்று. இரும்புக்கு இம்மண்ணில் குறைவில்லை. பொற்பனைக்கோட்டையில் பண்டு இரும்பு உருக்கிய தடயங்கள் உள்ளன. செம்பு மட்டும் ஏன் இல்லை? இக்கேள்விக்கான விடை, நம்மை மண்ணியலிலிருந்து வரலாற்றுக்கும், வரலாற்றிலிருந்து சட்டவியலுக்கும் இட்டுச் செல்கிறது.

உலகின் செம்பில் பெரும்பகுதி 'போர்ஃபிரி' எனப்படும் படிவுகளிலிருந்தே கிடைக்கிறது. செவ்வூதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் இது. நுண்மணிப் பரப்பில் பெரிய படிகங்கள் பதிந்த பாறையை இன்று இச்சொல் குறிக்கிறது. கடலடித் தட்டு ஒன்று கண்டத்தின் கீழ் அமிழும்போது மேலுள்ள பாறை உருகிக் குழம்பாகி எழுகிறது. பூமிக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் அது இறுகத் தொடங்குகையில், உப்பும் கந்தகமும் உலோகமும் கரைந்த கொதிநீர் பிரிந்து, சுற்றியுள்ள பாறையை ஆயிரக்கணக்கான நுண்பிளவுகளாக உடைத்துப் பாய்கிறது. வெப்பம் தணியத் தணிய, அப்பிளவுகளில் குவார்ட்ஸோடு சால்கோபைரைட் என்னும் செப்புக் கந்தகக் கனிமம் படிகிறது. ஆகவே இது தடித்த செப்புப் பாளமன்று. மலை முழுதும் இழையோடிய மெல்லிய பொடிப்பு.

புதுக்கோட்டையின் நிலை வேறு. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் குன்றுகள் நைஸ், கிரானைட் போன்ற மிகத் தொன்மையான பாறைகளால் ஆனவை. தென்தமிழகத்தின் அடித்தளப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவை இன்று நம் காலடியில் கிடக்கின்றன என்றால், அவற்றின் மேலிருந்த அத்தனை கனமும் மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டுவிட்டது என்பது பொருள். மேலடுக்கில் செம்புப் படிவு ஒருகாலத்தில் இருந்திருப்பினும், அது என்றோ கடலைச் சேர்ந்திருக்கும். இந்தியாவில் போர்ஃபிரி வகையோடு ஒப்பிட்டுப் பேசப்படுவது மத்தியப் பிரதேசத்தின் மலஞ்சகண்ட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய கிரானைட்டில் அமைந்த அது உண்மையிலேயே போர்ஃபிரிதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஐயத்திற்கு இடமில்லாத சான்று வேண்டுமெனில் பலூசிஸ்தானின் சாகாய் மாவட்டத்திற்குச் செல்ல வேண்டும். மக்ரான் கரைக்கு அப்பால் அரபிக்கடலின் அடித்தரை வடக்கு நோக்கி ஆசியாவின் கீழ் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. 1945 நவம்பரில் அங்கு நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அதன் விளைவே. அந்த அமிழ்வு எழுப்பிய எரிமலை வரிசையில், ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லைகளுக்கு அருகே, மழையற்ற பாலையில் ரெக்கோ டிக் அமைந்துள்ளது. அதன் மேற்குப் படிவுகள் சுமார் 1.2 கோடி ஆண்டு வயதே உடையவை. அவ்வளவு இளமையானதால்தான் அரிப்புக்குத் தப்பின. 2010 அளவில் அறிவிக்கப்பட்ட கணிப்பின்படி அங்கு 590 கோடி டன் தாது உண்டு. அதில் செம்பு 0.41 விழுக்காடு, அதாவது ஒரு டன் பாறைக்கு நான்கு கிலோ. தங்கமோ டன்னுக்கு 0.22 கிராம்.

இக்கனிமங்களின் பிறப்பை நம் முன்னோர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர்? ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்கள், உலோகங்கள் கந்தகமும் பாதரசமும் நிலத்தடியில் கூடி விளைபவை என்றன. இப்னு சீனா (980–1037) அதனை ஏற்று, 'கிதாபுஷ் ஷிஃபா'வில் மலைகளின் தோற்றத்தையும் ஆராய்ந்தார். ஓர் உலோகத்தை மற்றொன்றாக மாற்ற முடியும் என்னும் ரசவாதக் கூற்றை மட்டும் மறுத்தார். அல்பிரூனி உலோகங்களின் ஒப்படர்த்தியை அளந்தார். 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் கனிம நூலும் தந்தார். கந்தகமும் கொதிநீரும் இன்றைய விளக்கத்திலும் இருப்பதைக் கண்டு, அன்றே அனைத்தும் அறியப்பட்டுவிட்டன எனச் சிலர் பெருமைப்படுவர். அது அவ்வறிஞர்களுக்குச் செய்யும் நீதியன்று. அவர்கள் புவித்தட்டுகளை அறியார்; அளந்து பார்த்தலையும், கேட்டதை ஐயுறுதலையும் நமக்கு விட்டுச் சென்றனர். அதுவே பெரிது.

செம்பு அரிதான தென்னகத்திற்குச் செம்பு கடல் வழியாகவும் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் மலபாரில் வெண்கலப் பட்டறை நடத்திய யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவுக்கு, ஏடனிலிருந்து செம்பும் உடைந்த பாத்திரங்களும் அனுப்பப்பட்டதைக் கெய்ரோ கெனிசாக் கடிதங்கள் காட்டுகின்றன. அமிழும் அடித்தரை செம்பைப் படைத்த அதே அரபிக்கடல், செம்பைச் சுமந்தும் வந்தது.

இனி எஞ்சுவது உரிமை பற்றிய கேள்வி. மஃரிபின் உப்பு நிலத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) கேட்க, நபிகள் நாயகம் (ஸல்) வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது என்று எடுத்துரைக்கப்பட்டதும் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி உள்ளது. இதனடியாக அல்மாவர்தீ (இறப்பு 1058) சுரங்கங்களை வெளிப்படையானவை, மறைவானவை என இருவகைப்படுத்தினார். உப்பு போன்ற வெளிப்படையானவை அனைவர்க்கும் பொது. எவருக்கும் தனியே வழங்கலாகாது. செம்பு போன்ற மறைவானவற்றில் இரு கருத்துகள் உள. கடமையிலும் வேறுபாடு உண்டு. உருகும் உலோகம் எதுவாயினும் ஐந்தில் ஒரு பங்கு என்பது ஹனஃபி நிலைப்பாடு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மட்டுமே சுரங்க ஸகாத் என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கரையூர்களின் மரைக்காயர் மரபும், உள்நாட்டு ராவுத்தர் மரபும் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பேணுவதால், நம் மாவட்டத்தார்க்கு இது அயலான விவாதமன்று.

ரெக்கோ டிக்கின் வழக்கு இவ்விவாதத்தின் இன்றைய முகம். டன்னுக்கு நான்கு கிலோ என்னும் மெலிந்த தாதுவை எடுக்கப் பெருமூலதனம் வேண்டும். அது வெளியிலிருந்தே வந்தது. 1993ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2013இல் செல்லாததாக்கிற்று. 2019இல் பன்னாட்டு நடுவர் மன்றம் 580 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2022ஆம் ஆண்டின் புதிய உடன்பாட்டில் பாரிக் நிறுவனத்திற்கு 50 விழுக்காடும், நடுவண் அரசு நிறுவனங்களுக்கு 25 விழுக்காடும், பலூசிஸ்தானுக்கு 25 விழுக்காடும் எனப் பங்கு வகுக்கப்பட்டது.

மறைந்த கனிமத்தை வெளிக்கொணரும் உழைப்புக்குப் பங்குண்டு என்பதை நம் சட்டவியலார் மறுத்ததில்லை. எனினும் மஃரிபின் உப்பு வற்றாத நீரைப் போன்றது எனப்பட்டது. சாகாயின் செம்போ ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். வற்றாத ஒன்றையே தனியொருவர்க்கு வழங்கலாகாது எனில், வற்றும் ஒன்றைப் பகிர்கையில் அம்மண்ணின் மக்களுக்கும், இனி பிறப்போர்க்கும் எவ்வளவு என்பதை முதலில் கேட்பதே முறையாகும்.