மாந்தோப்பு விற்றால் செபிக்கு என்ன வேலை?

சித்தூர், திருப்பதிப் பக்கத்து உறவினர்களிடமிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு இந்தக் கேள்வி வரும். "சென்ட் கணக்குல மாந்தோப்பு தர்றாங்க. பராமரிப்பெல்லாம் கம்பெனியே பார்த்துக்குமாம். அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்காம். போடலாமா?" பேங்க் வேலையில் இருப்பவன், அதுவும் பி.காம். படித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் சட்டச் சண்டைதான் சுவாரஸ்யம்.

நிலம் விற்றால் அது ரிஜிஸ்தர் ஆபீஸ் சமாச்சாரம். பங்கு விற்றால் செபி சமாச்சாரம். "நிலத்தையும் விற்கிறேன், நானே பயிரிட்டு லாபமும் தருகிறேன்" என்றால்? தட்டிக்கேட்கும் அதிகாரம் யாருக்கு?

இதே கேள்வி அமெரிக்காவில் ஆரஞ்சுத் தோப்பை வைத்து வந்தது. ஃப்ளோரிடாவில் ஹோவி என்ற கம்பெனி தோப்பைத் துண்டு போட்டு விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், விவசாயம் தெரியாதவர்கள். பராமரிக்க ஹோவியின் இன்னொரு கம்பெனியோடு ஒப்பந்தம். "நாங்கள் விற்றது நிலம்தான்" என்றார்கள். அங்கே செபி மாதிரி இருக்கும் எஸ்.இ.சி. ஒத்துக்கொள்ளவில்லை. 1946இல் உச்ச நீதிமன்றமும் எஸ்.இ.சி. பக்கமே நின்றது. பணம் உங்களுடையது, உழைப்பு அடுத்தவருடையது, உங்கள் எதிர்பார்ப்பு லாபம் என்றால் அது முதலீட்டு ஒப்பந்தம். பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தால் என்ன?

நம் நாட்டில் செபி 1988இல் பிறந்தாலும் சட்ட அதிகாரம் கிடைத்தது 1992இல்தான். அந்த 90களில்தான் தேக்கு, மா என்று தோட்டக் கம்பெனிகள் முளைத்தன. சென்னை அனுபவ் கவிழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். 1999இல் செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை போட்டது. செபி சட்டத்தில் 11ஏஏ என்ற பிரிவும் சேர்ந்தது. அது நாலு விஷயம் பார்க்கும். பலர் பணம் ஒன்றாகச் சேர்கிறதா? லாபமோ, விளைச்சலோ, சொத்தோ எதிர்பார்த்துப் போட்டதா? நிர்வாகம் வேறொருவரிடமா? அன்றாட விஷயங்களில் பணம் போட்டவருக்குப் பிடி இல்லையா? நாலுக்கும் "ஆமாம்" என்றால் செபியிடம் பதிவு வேண்டும்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? பி.ஏ.சி.எல். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் போய் 2003இல் ஜெயித்தது. பி.ஜி.எஃப். ஒரு படி மேலே போய், நிலமும் விவசாயமும் மாநில அதிகாரம், 11ஏஏ பிரிவே செல்லாது என்றது. 2013இல் இரண்டு வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் செபி பக்கம் நின்றது. பி.ஜி.எஃப். தீர்ப்பை எழுதியவர் நம் காரைக்குடிக்காரர், நீதிபதி இப்ராஹிம் கலிஃபுல்லா. 2014இல் பி.ஏ.சி.எல். திருப்பித் தர வேண்டும் என்று செபி உத்தரவிட்ட தொகை 49,100 கோடி ரூபாய். பணம் போட்டவர்கள் ஏறக்குறைய 5.85 கோடி பேர். வழக்கு நடந்த அத்தனை வருஷமும் வசூல் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டன. முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாடு 1997இல், ஆந்திரா 1999இல். தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆக, டெல்லிச் சட்டமும் உண்டு, மாநிலச் சட்டமும் உண்டு. இருந்தும் விஜயவாடா அக்ரிகோல்டில் சுமார் 32 லட்சம் பேரின் 6,380 கோடி ரூபாய் மாட்டிக்கொண்டது. 2019இல் பத்தாயிரம் ரூபாய்க்குள் போட்டவர்களுக்கு ஆந்திர அரசு கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டி வந்தது. அதாவது, வரி கட்டியவர்களின் பணம்.

செபிக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. ஆனால் அதிகாரம் வந்து சேர்வதற்குள் பணம் போய்விடுகிறது. கடல் கடந்து இருக்கும் நாமும் ஹோவியின் வெளியூர்க்காரர்கள் மாதிரிதான், தோப்பைப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் உறவினர்களுக்கு நான் சொல்வது: முதலீடு என்றால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். நிலம் என்றால் சர்வே நம்பர், வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் கிரயப் பத்திரம் கேளுங்கள். இரண்டுக்கும் ஏஜெண்ட் மழுப்பினால், அந்தப் பணத்துக்கு மாம்பழம் வாங்கிச் சாப்பிடுங்கள். அதுவாவது மிச்சம்.