சிராங்கூன் சாலையில் எண்ணெய் மாற்றிய கதை

மாட்டு வண்டிக் காலத்திலேயே சக்கரத்துக்கு மசகு போட ஒரு கணக்கு இருந்தது. தமிழ்நாட்டு வண்டிக்காரர்கள் வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடு தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைச் சற்றே வெளியில் இழுத்து, அச்சில் அந்த மையைத் தடவி மறுபடி மாட்டுவார்கள். எத்தனை மைலுக்கு ஒரு முறை என்று யாரும் எழுதிவைத்ததில்லை. ஏற்றிய பாரம், மிதித்த சேறு, சக்கரம் எழுப்பும் சத்தம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்தார்கள். இன்றைய லாரிக்கு எப்போது எண்ணெய் மாற்றுவது என்ற கேள்விக்கும் அடிப்படை அதுவே: வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, எப்படி உழைத்தது என்பதே முக்கியம்.

சிங்கப்பூரில் மாட்டுத் தொழில் நிலைகொண்ட இடம் சிராங்கூன் சாலை. 1828ஆம் ஆண்டு வரைபடத்தில் அது வெறும் குதிரைப் பாதையாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் ரோச்சோர் ஆற்றின் தண்ணீரும் புல்வெளியும் இருந்ததால், மாடு வளர்ப்பவர்களும் விற்பவர்களும் அங்கே கூடினார்கள். கல்கத்தாவில் பிறந்த மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயர் ஒரு தெருவுக்கு நின்றுவிட்டது. எருமைத் தெருவும், மலாயில் எருமை என்றே பொருள்படும் கெர்பாவ் சாலையும் அதே தொழிலின் தடயங்கள். துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் சரக்கு இழுத்தவை மாட்டு வண்டிகளே. அவற்றை ஓட்டியவர்களில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். 1930களில் நகராட்சியின் சுகாதார நடவடிக்கைகளால் மாட்டுக் கொட்டகைகள் அங்கிருந்து அகன்றன. அதற்குள் சாலையில் வேறு வகை வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

மோட்டார் எஞ்சினுக்கு முன்பே சிங்கப்பூருக்கு எண்ணெய் வந்து சேர்ந்துவிட்டது. 1890களின் தொடக்கத்திலேயே புக்கோம் தீவில் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் எழுந்தன. 1892இல் வணிகர் மார்கஸ் சாமுவேலின் 'மியூரெக்ஸ்' கப்பல் சூயஸ் கால்வாய் வழியாக மண்ணெண்ணெயை மொத்தமாக ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்தது. ஷெல் நிறுவனத்தின் தொடக்கம் இந்த வணிகம்தான். சிங்கப்பூரின் முதல் மோட்டார் வண்டி நான்கு ஆண்டு கழித்து, 1896இல் வந்தது. அது சார்லஸ் பர்ட்டன் பக்ளி வாங்கிய பென்ஸ். அக்கால எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே போய், வேலை முடிந்ததும் எரிந்தோ கசிந்தோ வெளியேறிவிடும். அங்கே எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தேங்கி, மீண்டும் மீண்டும் சுற்றி வரத் தொடங்கிய பிறகுதான் 'எப்போது மாற்றுவது' என்ற கேள்வி பிறந்தது. ஃபோர்ட் மாடல் டி கையேடு முதல் 400 மைலில் எண்ணெயை வடிக்கச் சொன்னது. அதன்பின் 750 மைலுக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு. அந்த எஞ்சினில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. புழுதியும் உலோகத் துகளும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கின. அதை வடித்துக் கொட்டுவது ஒன்றே சுத்தம் செய்யும் வழி. 1926இல் ஃபோர்ட் மலாயா நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது. 1941இல் அப்பர் புக்கித் தீமாவில் அதன் தொழிற்சாலை எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அதே கட்டடத்தில்தான். ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே ஜப்பானியப் படைகளுக்கான நிசான் லாரிகள் பூட்டப்பட்டன.

எண்ணெயின் வரலாற்றில் பெரிய திருப்பம் டீசலால் வந்தது. 1930களில் அமெரிக்காவில் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் வளையங்கள் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டன. அன்றைய எண்ணெயால் அந்தக் கரியைக் கழுவ முடியவில்லை. கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம், கரியைக் கழுவித் தன்னுள்ளேயே மிதக்கவைக்கும் வேதிப் பொருள்களைச் சேர்த்து 'டெலோ' என்ற எண்ணெயை உருவாக்கியது. பின்னாளில் அது கால்டெக்ஸ் பெயரோடு ஆசியா முழுவதும் புழங்கியது. டீசல் லாரியில் புது எண்ணெய் ஊற்றிச் சில நாளிலேயே ஆயில் குச்சியில் கறுப்பாகத் தெரிவதற்கு, கரி இப்படி எண்ணெயில் மிதப்பதே காரணம். அந்தக் கறுப்பு எண்ணெய் கெட்டதற்கு அடையாளம் அல்ல. அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். நிறத்தைப் பார்த்து மாற்றுவதும், நிறம் நன்றாக இருக்கிறதென்று மாற்றாமல் விடுவதும் இன்றும் நடக்கின்றன, இரண்டும் தவறு. கவனிக்க வேண்டியவை வேறு. குச்சியில் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலோ, டீசல் வாடை அடித்தாலோ, எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ அந்த லாரியை அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டும் எரிபொருள் கலந்ததையும், மூன்றாவது தண்ணீர் புகுந்ததையும் காட்டுகின்றன.

போருக்குப் பின் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரம் மோட்டார் தொழிலுக்குப் பேர்போனதாயிற்று. உதிரிபாகக் கடைகளும் சிறு பட்டறைகளும் கடைவீடுகளின் கீழ்த்தளங்களில் இயங்கின. சுங்கை சாலைச் சந்தையில் பழைய சாமான்களோடு பழைய கருவிகளும் விலைபோயின. இதே காலத்தில் தீவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு மையமாகவும் மாறியது. 1961இல் புக்கோமில் ஷெல் தொடங்கிய ஆலைதான் முதலாவது. 1966இல் ஜூரோங்கில் மோபில் ஆலை வந்தது. பிரிட்டிஷ் லாரிகள் மெல்ல விலக, இசுசு, ஹினோ, மிட்சுபிஷி ஃபூசோ என ஜப்பானிய லாரிகள் தெருவைப் பிடித்தன. எஞ்சின் எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் ஃபில்டர்கள் வழக்கமானதால் மாற்றும் தூரமும் கூடியது. மூவாயிரம் மைல் என்ற பழைய கணக்கு, சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு மாறிய 1970களுக்குப் பிறகு 5,000 கிலோமீட்டர் என்று ஆனது. எஞ்சின்கள் எவ்வளவோ மாறிவிட்டன. அந்தக் கணக்கை மட்டும் பலர் இன்னும் கைவிடவில்லை.

வடித்த எண்ணெய் எங்கே போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெருவோரத்திலும் கொல்லையிலும் நடந்த தொழில்களின் கழிவுகள் சாக்கடை வழியாக ரோச்சோர் கால்வாய்க்கும் காலாங் ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தன. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டில் தூய்மைப்படுத்தச் சொன்னார். 1987இல் பணி நிறைவேறியது. கால்வாய்க் கரைகளில் இயங்கிய பல தொழில்கள் தொழிற்பேட்டைகளுக்கு இடம்பெயர்ந்தன. 1988இல் வந்த நச்சுத் தொழிற்கழிவு விதிமுறைகள் கழிவு எண்ணெயை உரிமம் பெற்றவர்களே சேகரிக்க வேண்டும் என்றாக்கின. இன்று சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு பட்டறையில் லாரியின் முன்கூண்டைச் சாய்த்து, சூடு ஆறுவதற்குள் வடிகால் திருகைக் கழற்றினால், கரிய எண்ணெய் தட்டில் இறங்கி மூடிய பீப்பாய்க்குப் போகிறது. மெக்கானிக் திருகின் செப்பு வாஷரை மாற்றுகிறார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் பூசி, கையாலேயே இறுக்குகிறார். இந்தச் சின்ன வேலைகளில் அசட்டை செய்தால், ஊற்றிய நல்ல எண்ணெய் வழியெல்லாம் கசியும்.

இன்றைய லாரியின் கணக்கை மாற்றியவை புகைக் கட்டுப்பாட்டு விதிகள். டீசலிலுள்ள கந்தகம் எரியும்போது அமிலமாகி எண்ணெயில் இறங்குகிறது. அதை முறிக்கும் காரச்சத்து தீர்ந்தால் எண்ணெயின் ஆயுள் முடிந்தது. சிங்கப்பூர் டீசலில் கந்தகத்தின் அளவு 2005இல் பத்து லட்சத்துக்கு 50 பங்காகவும், 2013இல் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. அமிலத் தொல்லை தணிந்தது. புதிய டீசல் வாகனங்களுக்கு 2006இல் யூரோ 4, 2014இல் யூரோ 5, 2018இல் யூரோ 6 விதிகள் வந்தன. அவற்றை நிறைவேற்ற, புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பும், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் பொருத்தப்பட்டன. முன்னது எண்ணெயில் கரியைக் கூட்டியது. பின்னது எண்ணெயின் சாம்பலால் அடைபடக்கூடியது. ஆகவே சாம்பல் குறைந்த எண்ணெய் தேவைப்பட்டது: ஜப்பானிய லாரிக்கு ஜாசோ டிஎச்-2, மற்றவற்றுக்கு ஏபிஐ சிகே-4 அல்லது ஐரோப்பிய இ6 வகை. தவறான எண்ணெயை அடிக்கடி மாற்றுவதால் இந்த வடிகட்டியைக் காப்பாற்ற முடியாது. டின்னில் எழுதியிருக்கும் தரக் குறியீட்டைப் படிப்பது, நாளைக் கணக்கிடுவதைவிட முந்தைய வேலை.

அப்படியானால் எத்தனை கிலோமீட்டர்? ஐரோப்பிய நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் கனரக லாரிக்கு, உரிய எண்ணெயோடு, 1,00,000 கிலோமீட்டர் வரைகூட உற்பத்தியாளர்கள் அனுமதிக்கிறார்கள். அந்த எஞ்சின் 30 லிட்டருக்கு மேல் எண்ணெய் கொள்ளும். அழுக்கு பரவ இடம் அதிகம். சிங்கப்பூரின் 10 அடி, 14 அடி லாரிகள் கொள்வது பெரும்பாலும் 10 லிட்டருக்குள். தீவின் நீளமே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலையில் தங்குவிடுதியிலிருந்து ஆட்களை ஏற்றிக் கட்டுமானத்தளத்தில் விட்டு, சந்துகளில் சரக்கு இறக்கி, விளக்குக்கு விளக்கு நின்று போகும் லாரி, உற்பத்தியாளர்களின் கையேடுகளில் 'கடும் உழைப்பு' என்ற தலைப்பின்கீழ் வருகிறது. அந்த உழைப்புக்கு வழக்கமான தூரத்தில் பாதி வரைகூடக் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன அந்தக் கையேடுகள்.

கிரேன் பொருத்திய லாரியை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். அது நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடி, மாதம் 26 நாள் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். வெறும் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் 10,000 கிலோமீட்டர் ஆக ஆறு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் பாரம் தூக்க எஞ்சின் தினமும் இரண்டு மணி நேரம் நின்றபடியே ஓடுகிறது. நின்று ஓடும் ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 40 கிலோமீட்டராகக் கொள்வது பரவலான வழக்கம். அப்படிச் சேர்த்தால் நாளுக்கு 140 கிலோமீட்டர். மூன்று மாதம் நிறைவதற்குள் 10,000 கடந்துவிடும். கிலோமீட்டர் மானி இதைக் காட்டாது. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் குறித்துவைப்பதுதான் வழி. குறைவாக ஓடும் லாரிக்கும் ஒரு வரம்பு உண்டு: குறுந்தூர ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூடு ஏறாது; ஈரமும் எரியாத டீசலும் எண்ணெயிலேயே தங்கும். ஆகவே தூரம், மணி, மாதம் மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவதே முறை. பல லாரிகள் வைத்திருக்கும் நிறுவனங்கள் பழைய எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரி, இரும்புத்துகள், மிச்சமிருக்கும் காரச்சத்து ஆகியவற்றை அளந்து தங்கள் தூரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். ஊகத்தைவிட இது மேல்.

பத்து வயதுக்கு உட்பட்ட சரக்கு வாகனம் சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே பிரேக்கும் புகையும் சோதிக்கப்படும். எண்ணெயின் வயதை யாரும் கேட்பதில்லை. அது முதலாளியின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. லாரியை ஓட்டுபவரோ பல இடங்களில் தமிழ்நாட்டிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்த தொழிலாளி. காலையில் ஆட்களை ஏற்றிச் சென்று, பகலில் அவர்களோடு வேலை செய்து, மாலையில் திரும்ப ஓட்டுபவர்களும் அவர்களில் உண்டு. ஆயில் குச்சியைத் தினமும் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே. மட்டம் குறைந்தால் யாரிடம் சொல்வது, எந்த எண்ணெயை ஊற்றுவது, அடுத்த மாற்றம் எத்தனை மணியில் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதி முன்கூண்டில் ஒட்டிவைக்க ஒரு தாள் போதும். பின்தளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பான் தீவு விரைவுச்சாலையில் போகும் லாரிக்கு இந்த ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும்.