இராமலிங்க விலாசம்

இராமநாதபுரம் அரண்மனை வளாகத்துக்குள் சேதுபதி மன்னர்கள் கொலுவிருந்த மாளிகை. இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பராமரிப்பில் அகழ்வைப்பகமாக இருக்கிறது. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை எழுப்பிய கிழவன் சேதுபதி (இறப்பு 1710), 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கட்டினார்.

மாளிகையின் அமைப்பு கோயிலை ஒத்தது. உயர்ந்த மேடைமேல் பருத்த தூண்கள் தாங்கும் பெருமண்டபம், அதையடுத்து இன்னொரு மண்டபம், உள்ளே கருவறைபோல ஓர் அறை. மூலவர் இருக்க வேண்டிய இடத்தில் இராமர் பீடம். சேதுபதிகள் பட்டம் சூட்டிக்கொண்ட இடம் அது. இராமேசுவர யாத்திரை வழியைக் காப்பது அவர்களின் முதல் கடமை. அந்தப் பொறுப்பை இராமனிடமிருந்தே பெற்றதாகக் காட்டிக்கொள்ள இதைவிடத் தோதான கட்டடம் அமையாது.

மாளிகையின் பெரும்புகழுக்குக் காரணம் சுவரோவியங்கள். கிழவன் சேதுபதிக்குப் பின் பட்டத்துக்கு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை. தரையை ஒட்டிய பகுதியிலிருந்து கூரை வரை இடம் விடாமல் தீட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் அரசியல் தூக்கலாக இருக்கிறது. தஞ்சை மராட்டியருடன் நடந்த போரில் குதிரைகளும் பீரங்கிகளும் நெருக்கியடிக்கின்றன. தொப்பியணிந்த ஐரோப்பியர் மன்னரைக் காண வந்து நிற்கிறார்கள். மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர், சேதுபதியின் தலையில் இரத்தினங்களைச் சொரிகிறார். இன்னொரு காட்சியில் குலதெய்வமான இராஜராஜேசுவரி அம்மன் மன்னரின் கையில் செங்கோலைத் தருகிறாள். செங்கோல் தருபவள் அம்மன் என்றால் நாயக்கரின் இரத்தினம் வெறும் மரியாதைதான். மதுரையின் பிடியிலிருந்து விலகிய ஓர் அரசு அதை இப்படிச் சுவரில் எழுதி வைத்தது என்றே படிக்கத் தோன்றுகிறது. இராமாயண, பாகவதக் காட்சிகளும் உண்டு. மாடியில் மன்னரின் அந்தப்புர வாழ்க்கை. பெண்கள் உடல் பின்னி யானையாக உருக்கொள்ளும் விளையாட்டுச் சித்திரமும் உண்டு.

இந்த மிடுக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் கோட்டையைப் பிடித்தன. சிறுவனான முத்துராமலிங்க சேதுபதி திருச்சியில் சிறை வைக்கப்பட்டு, 1781இல் மீண்டும் பட்டத்துக்கு வந்தார். 1795இல் கும்பினி அவரை நிரந்தரமாக இறக்கிச் சிறையிலிட்டது. அவர் 1809இல் சென்னைச் சிறையிலேயே இறந்தார். இதற்கிடையே 10 செப்டம்பர் 1798 அன்று கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது இந்த மாளிகைக்குத்தான். பேச்சு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவி இழந்தார்.

தேனி, கம்பம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இங்கே சொந்தம் கொண்டாட ஒரு காரணம் உண்டு. முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை, மேற்கே அரபிக்கடலில் போய் விழும் பெரியாற்று நீரைக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்குத் திருப்பலாம் என்று 1789இல் யோசித்தவர். செலவுக்கு அஞ்சி அந்த முயற்சி கைவிடப்பட்டது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது திட்டம் அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் பெயரோடு நிலைத்தது. லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபமும் எழுந்தது. பிரதானியின் பெயருக்கு அந்தப் புகழில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறது. யோசனை பிறந்த இராமநாதபுரமோ இன்றும் வைகையின் கடைமடைதான். ஊரின் பெரிய கண்மாய் மழையையும் மேலேயிருந்து திறந்துவிடும் நீரையும் எதிர்பார்த்துக் கிடக்கிறது.

காட்சிப் பொருள்களில் வாள், ஈட்டி, வளரி ஆகியவற்றின் முன்தான் கூட்டம் நிற்கும். வளைந்த வளரி, மறவர் சீமையில் எறிந்து தாக்கப் பயன்பட்ட ஆயுதம். அதைவிட நிதானமாகப் பார்க்க வேண்டியவை அழகன்குளத்துப் பொருள்கள். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரையை அடுத்த அந்த ஊரில் மாநிலத் தொல்லியல் துறை 1980களின் நடுப்பகுதியிலிருந்து பல பருவங்கள் அகழாய்வு செய்தது. ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள், ரவுலட்டட் எனப்படும் உருள்வரி ஓடுகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானைச் சில்லுகள், ரோமானியக் காசுகள், கப்பல் கீறப்பட்ட ஓடு ஆகியவை அங்கே கிடைத்தன. வருசநாட்டு மலையில் பிறக்கும் ஆற்றின் முகத்துவாரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் வணிகம் நடந்ததற்கு இவை சான்று.

ஓவியங்கள் பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் இருக்கின்றன. கண்ணாடிப் பேழைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சுவர்களையும் மாடியையும் தவறவிடுகிறார்கள். நல்ல வெயில் நேரத்தில் போனால்தான் சுவரிலுள்ள சிறு உருவங்கள் புலப்படும்.