சுவர் எழுதிய காலம்

சென்னையில் ஒரு காலத்தில் புதிதாக மதில் எழுப்பினால், வெள்ளை காய்வதற்குள் கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். நடுவில் கட்சிப் பெயரும் வருஷமும், இரண்டு ஓரத்திலும் அம்புக்குறி. அடுத்த தேர்தல்வரை அந்தச் சுவர் அவர்களுக்கு ‘ரிசர்வ்’. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிற வழக்கமே கிடையாது. அந்த அம்புக்குறிகளைப் போட்டுப் பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான். முதலில் சுண்ணாம்பு அடிப்போம். நீலத்தில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும், அதற்குள் எழுத்து. பொடி வர்ணத்தில் வஜ்ஜிரம் காய்ச்சிக் கலக்காவிட்டால் சாய்ந்தவர் சட்டையில் பாதி போய்விடும், மீதி முதல் மழையில் கரையும். இரட்டை இலை போடுவது சுலபம். உதயசூரியனில் மலை இரண்டும் சரியாக அமையாவிட்டால் வட்டச் செயலாளர் விடமாட்டார், அழித்துப் போடச் சொல்வார்.

இந்த ஊர் அரசியலே எழுத்தையும் அழிப்பையும் வைத்து வளர்ந்தது. 1952-ல் ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகள்மீது தார் பூசினார்கள். 1953-ல் டால்மியாபுரம் பலகைமீது ‘கல்லக்குடி’ என்று தாள் ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. பத்திரிகை வாங்கக் காசில்லாதவனுக்குச் சுவர்தான் பத்திரிகை.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் எழுதச் சொல்கிறவர்களே ஆள்கிறவர்களாகவும் இருந்தால் யார் யார்மேல் வழக்குப் போடுவது? டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1990–96 காலத்தில்தான் பயம் வந்தது. உரிமையாளரின் அனுமதி எங்கே, செலவுக் கணக்கு எங்கே என்று கேள்விகள் எழுந்தன. வேட்பாளர்களே ஆள் வைத்துச் சுவரை வெள்ளையடித்தார்கள். அதன் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சினிமா பேனர் வரைந்த பெரிய கைகளே வேலையில்லாமல் உட்கார்ந்தபோது எங்களைக் கேட்பானேன்!

2009-ல் மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டர்களுக்குத் தடை போட்டதோடு நிற்காமல், அந்தப் பேனர் ஓவியர்களையே கூப்பிட்டுச் சுவர்களில் வரைய வைத்தது. படம் பளிச்சென்று இருந்தவரை பசை வாளிக்காரனுக்குக் கை கூசியதைப் பார்த்திருக்கிறேன். மங்கி உதிர்ந்த இடத்தில் மறுபடி ஒட்டினான். 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புகளின் சுவர்களில் ஆளுயரத்தை மிஞ்சிய முகங்கள் எழுந்தன. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் இடத்தைப் படம் பார்ப்பதற்காகவே ஆட்கள் தேடிப் போனார்கள்.

தடை மட்டும் போதாது, அழிப்பதும் வரையவிடுவதும்தான் பலிக்கும் என்றே வெளியூர் அனுபவமும் சொல்கிறது. கிறுக்கிய ரயில் பெட்டியைச் சுத்தம் செய்யாமல் ஓட்டுவதில்லை என்று 1984-ல் தொடங்கிய நியூயார்க், 1989-ல் கடைசிக் கிறுக்கல் பெட்டியையும் தடத்திலிருந்து எடுத்தது. அதே 1984-ல் ஃபிலடெல்ஃபியா நகரம், கிறுக்கிய பையன்களைச் சுவரோவியம் வரையத் திருப்பிவிட்டது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் இருக்கின்றன.

ஆகவே மாநகராட்சிக்கு ஒரு பழைய தொழிலாளி சொல்வது இதுதான். அபராதப் பலகை மட்டும் சுவரைக் காக்காது; அந்தப் பலகைமேலேயே போஸ்டர் ஒட்டுவார்கள். கிறுக்கினால் உடனே அழியுங்கள். அழித்த இடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளையே வரையவிடுங்கள், கூலியும் கொடுங்கள். முக்கியமாக, வரைந்ததைப் பராமரிக்க வருஷா வருஷம் பணம் ஒதுக்குங்கள். திறப்பு விழாவோடு மறந்துவிட்டால், அடுத்த தேர்தலுக்கு அந்தச் சுவரும் ரிசர்வ்தான்.