வாக்கியத்தைத் தாண்டி வந்த ஆய்வு

1952-ல் ‘லாங்குவேஜ்’ என்ற அமெரிக்க ஆய்விதழில் ஸெல்லிக் ஹாரிஸ் எழுதிய கட்டுரையிலிருந்துதான் சொல்லாடல் பகுப்பாய்வு என்ற பெயர் மொழியியலில் நிலைத்தது. நோம் சாம்ஸ்கியின் ஆசிரியரான அவர் அலசுவதற்கு எடுத்துக்கொண்டது இலக்கியம் அல்ல, தலைமுடித் தைலத்துக்கான ஒரு விளம்பரம். எந்தச் சொல் எந்தச் சொற்களின் அருகில் திரும்பத் திரும்ப வருகிறது என்று வாக்கிய எல்லையைத் தாண்டிப் பார்த்தார். மொழிக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவையும் இந்த வழியில் ஆராயலாம் என்று தொடக்கத்தில் சொன்னாரே தவிர, அந்தப் பக்கம் போகவில்லை. தைலத்தை யார் யாரிடம் விற்கிறார்கள் என்பது அவருடைய கேள்வியாக இல்லை.

அந்தக் கேள்விக்கு வழி திறந்தது ஒலிப்பதிவுக் கருவி. லாஸ் ஏஞ்சலஸ் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை 1963-64-ல் ஹார்வி ஸாக்ஸ் ஆராய்ந்தார். அழைப்பவர்கள் பெயர் சொல்லத் தயங்குவது மையத்துக்குத் தலைவலியாக இருந்தது. பணியாளர் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினால், மறுமுனையில் இருப்பவரும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால் ஓர் அழைப்பில், “நீங்கள் சொன்னது கேட்கவில்லை” என்றார் அழைத்தவர். பணியாளர் தன் பெயரை மறுபடி சொன்னார். அழைத்தவரும் அதே பெயரைச் சரிபார்ப்பதுபோலத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான், அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் கடந்துபோயிற்று. காதில் கோளாறு இல்லாமலே ‘கேட்கவில்லை’ என்று சொல்லி நழுவ முடியும் என்பதைக் கவனிக்க, அந்த நாடாவை எத்தனை முறை ஓடவிட்டிருக்க வேண்டும்!

மூச்சு, தயக்கம், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறுவது என எல்லாவற்றையும் எழுத்தில் பிடிக்கும் குறியீட்டு முறையை கெயில் ஜெஃபர்சன் உருவாக்கினார். பேச்சில் முறை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி ஸாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் எழுதிய கட்டுரை 1974-ல் அதே ‘லாங்குவேஜ்’ இதழில் வந்தது. மறு ஆண்டே கார் விபத்தில் ஸாக்ஸ் இறந்தார், வயது 40. அவருடைய வகுப்புரைகள் 1992-ல்தான் முழுமையாக நூலாயின.

இதே ஒலிப்பதிவு வழியில் மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ், பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் பணியாளர் உணவகத்துக்குப் போனார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார். இறைச்சி வாங்குபவரிடம் ஆங்கிலேயப் பணியாளர் “கிரேவி?” என்று குரலை ஏற்றிக் கேட்பார். இந்தப் பெண்களோ குரலை இறக்கி “கிரேவி” என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் கேள்விதான். வாங்குபவர் காதில் ‘இதுதான், எடுத்துக்கொள்’ என்று விழுந்தது. நம்மூர்ப் பந்தியில் வாளியோடு வருபவர் “சாம்பார்... சாம்பார்...” என்று இறக்கிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது இரண்டு ‘கிரேவி’க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றே அந்தப் பெண்கள் முதலில் சொன்னார்கள். தங்களை எல்லோரும் ஏன் வெறுப்போடு பார்க்கிறார்கள் என்பது பிறகுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. 1982-ல் வந்த கம்பர்ஸின் நூலில் இது இரண்டொரு பக்கம்தான். ஆனாலும் இனப்பாகுபாடு என்னும் பெரிய சொல் அன்றாடத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய ஆய்வுகள் குறைவு.

எழுபதுகளின் இறுதியில் கவனம் அச்சுக்குத் திரும்பியது. 1975 ஜூனில் ரொடீசியாவின் சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரே) கறுப்பின மக்கள் மீது போலீஸ் சுட்டது. லண்டன் நாளிதழ்கள் அதை எழுதிய விதத்தை டோனி ட்ரூ அலசினார். ‘கார்டியன்’ தலைப்பில் போலீஸ் எழுவாயாக நின்றது. ‘டைம்ஸ்’ தலைப்பில் ‘கலவரம் செய்த’ என்ற அடைமொழியோடு கறுப்பர்கள் முன்னே வர, போலீஸ் பின்னே தள்ளப்பட்டது. அடுத்த நாள் தலையங்கத்தில் போலீசே காணோம். கலவரமும் வருந்தத்தக்க உயிரிழப்பும் மட்டும் மிஞ்சின. ‘துப்பாக்கிச்சூட்டில் பலர் பலி’ என்று எழுதிப் பழகிய தமிழ்ச் செய்தி அறைகளுக்கு இது புரியாத வித்தை அல்ல.

இந்த வழியை நார்மன் ஃபேர்க்ளஃப் 1989-ல் அதிகாரம் பற்றிய கோட்பாடாக விரித்தார். 1990-ல் டியூன் வான் டைக் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கினார். எதிர்ப்பும் வந்தது. முடிவை முன்பே எடுத்துவிட்டு அதற்கு வாகான பனுவலைத் தேடுவதா என்று ஹென்றி விட்டோசன் 1995-ல் கேட்டார். நியாயமான கேள்விதான். ஸாக்ஸிடம் இருந்த பொறுமை இந்தப் பிரிவில் பலரிடம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பால் பேக்கர் உள்ளிட்ட குழுவினர் எண்ணிக்கையின் துணையை நாடினார்கள். 1996 முதல் 2005 வரை பிரிட்டிஷ் நாளிதழ்களில் அகதிகளையும் குடியேறிகளையும் பற்றி வந்த சுமார் 14 கோடி சொற்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஆட்களைக் குறிக்கும் சொற்களுக்குப் பக்கத்தில் வெள்ளமும் பெருக்கெடுத்துப் பாய்வதும் அடிக்கடி தென்பட்டன. எந்த வரியில் என்ன பொருளில் வருகின்றன என்று பார்க்க, கணினி பொறுக்கித் தந்த வரிகளை மறுபடி மனிதர்களே உட்கார்ந்து படித்தார்கள்.