மிளகு கொடுத்தால் கப்பல்

வரலாற்றுத் தொடர்

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. பொழுது விடியும் முன்பே ஜப்பானிய நகரங்களின் கடைவாசல்களில் வரிசை நீண்டு கிடந்தது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நின்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போலீஸிடம் சிக்கினார்கள். எல்லோரும் வாங்க வந்தது உள்ளங்கை அளவு கேசட் ஒன்றை. ‘டிராகன் குவெஸ்ட் 3’ என்ற அந்த வீடியோ கேம் முதல் நாளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது.

அந்தக் கேசட்டுக்குள் நம் ஊர் மிளகு இருந்தது. அதைத் தேடிப் போகாமல் ஆட்டத்தில் மேற்கொண்டு நகரவே முடியாது.

1983-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டி ஜப்பானிய வீடுகளுக்குள் நுழைந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். குதிப்பது, சுடுவது, ஓடுவது என்று அதில் வந்தவை பெரும்பாலும் விரல் வேகத்துக்கான ஆட்டங்கள். அந்தப் பெட்டிக்குள் கதை எப்படிப் புகுந்தது என்பது இந்த வாரம்.

எழுத்தாளர் செய்த ஆட்டம்

கதைக்குள் நாமே ஒரு பாத்திரமாக இறங்கி ஆடும் விளையாட்டுகள் முதலில் அமெரிக்கக் கணினிகளில் வேர்விட்டன. ‘விஸார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டும் 1981-இல் வந்தவை. நெதர்லாந்தில் பிறந்து ஜப்பானில் குடியேறிய ஹென்க் ரோஜர்ஸ், 1984-இல் ‘தி பிளாக் ஆனிக்ஸ்’ மூலம் ஜப்பானியக் கணினி ரசிகர்களுக்கு அந்த ருசியைக் காட்டினார். ஆனால், கணினி வைத்திருந்த வீடுகள் அன்று குறைவு. தெருவுக்குத் தெரு இருந்த ஃபேமிகாமுக்கு அதைக் கொண்டுவந்தவர் யூஜி ஹோரி.

ஹோரி பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1983-இல் அவர் உருவாக்கிய ‘போர்ட்டோபியா’, கோபே நகரில் நடக்கும் கொலையைத் துப்பறியும் ஆட்டம். ‘கதவைத் திற’, ‘இவரை விசாரி’ என்று விசைப்பலகையில் தட்டினால் கதை நகரும். 1985-இல் அதை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, அந்தப் பெட்டியோடு விசைப்பலகை வருவதில்லையே என்ற சிக்கல் எழுந்தது. செய்யக்கூடிய செயல்களைத் திரையிலேயே பட்டியலாகப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பின்னாளில் வந்த ஜப்பானியக் கதை விளையாட்டுகள் பலவும் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டே நடந்தன.

1986 மே 27-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ வெளியானது. எனிக்ஸ் நிறுவனத்தின் வெளியீடு. கொயிச்சி நகமுரா நிரல் எழுத, அகிரா தொரியாமா படம் வரைய, கொயிச்சி சுகியாமா இசையமைத்தார். மொத்த உலகமும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். இடம் போதாததால் ஜப்பானியரின் கத்தகனா எழுத்துகளில் சுமார் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் எழுத முடிகிற பெயர்களாகவே அரக்கர்களுக்குச் சூட்டினார் ஹோரி.

அந்த ஆட்டத்தின் முதல் அறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரசர் முன்னால் நிற்கிறோம். அறைக்கதவு பூட்டியிருக்கிறது. அரசரிடம் பேசி, பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படியிறங்கினால்தான் வெளியே போகலாம். ஆட்டம் முழுக்கத் தேவைப்படும் வேலைகளை அந்த ஓர் அறையிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார் ஹோரி. வெளியே வந்தால், தண்ணீருக்கு அக்கரையில் எதிரியின் கோட்டை கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர உலகத்தையே சுற்ற வேண்டும்.

பஹராத்தா ஊரின் மிளகுக்கடை

மூன்றாம் பாகத்துக்கு 256 கிலோபைட் கிடைத்தது. அதுவும் போதவில்லை. தொடக்கத் திரையின் இசையைக்கூட வெட்டி எறிந்துவிட்டு, கறுப்புப் பின்னணியில் பெயரை மட்டும் போட்டார்கள். அப்படிச் சேமித்த இடத்தில் ஹோரி விரித்தது, ஏறக்குறைய நம் பூமியின் வரைபடத்தை.

மேற்கே ‘போர்த்துகா’ என்று ஒரு நாடு. அதன் அரசருக்குக் கறுப்பு மிளகின் மேல் தீராத ஆசை. கிழக்கே போய்க் கொண்டுவந்தால் கப்பல் தருகிறேன் என்கிறார். மலையைக் குடைந்த ரகசிய வழியாக நடந்து போனால் வரும் ஊரின் பெயர் ‘பஹராத்தா’. போர்த்துகா போர்ச்சுகல் என்பதும், பஹராத்தா பாரதம் என்பதும் யாரும் சொல்லாமலே விளங்கும்.

அங்கே மிளகுக்கடை மூடிக் கிடக்கிறது. தானியா என்ற பெண்ணைக் கொள்ளையர்கள் கடத்திவிட்டார்கள். மீட்கப் போன காதலன் குப்தாவும் அகப்பட்டுக்கொண்டான். குகைக்குள் புகுந்து இருவரையும் காப்பாற்றிய பிறகுதான் குப்தா கடையைத் திறந்து மிளகைத் தருகிறான். அதை அரசரிடம் கொடுத்ததும் கப்பல் கைக்கு வருகிறது. அதுவரை கால்நடையாகவே அலைந்தவர்களுக்குக் கடல் திறந்துகொள்கிறது.

நம் தெய்வங்களின் பெயர்களை எடுத்தாண்ட ஜப்பானிய ஆட்டங்களும் உண்டு. 1990-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 3’ பனிதேவதை ஒருத்திக்குச் ‘சிவா’ என்று பெயரிட்டது. ஹோரி பெயரோடு நிற்கவில்லை. கடல் வணிகத்தின் வரலாற்றையே கதையின் முடிச்சாகப் போட்டார்.

கொல்லிமலைக் களத்தில்

இனி நம் பக்கம் வருவோம். நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கத் தொடங்கினால் பறிப்புக்குப் பதம் வந்துவிட்டது என்று பொருள். மரத்தில் ஏணி சாய்த்து ஏறி, சரம் சரமாகக் கிள்ளி இடுப்புத் துணியில் போட்டுக்கொள்வார்கள். காலால் மிதித்து மணியைப் பிரித்துக் களத்தில் பரப்பினால், பச்சை மணி சில நாள் வெயிலில் சுருங்கிக் கறுக்கும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ தேறும். சோளக்காட்டுச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் இவ்வளவு வேலை இருக்கிறது.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரியைக் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது சங்க இலக்கியம். அதே சேரரின் முசிறித் துறைக்கு யவனர் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனதையும் அதே இலக்கியம் பதிந்து வைத்திருக்கிறது. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக் கரையைத் தொடுவதற்குச் சுமார் 1,500 ஆண்டுகள் முந்தைய வணிகம் அது.

ஆனாலும் நம் பிள்ளைகள் மிளகின் கதையை எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள்? காமாவின் கப்பலிலிருந்து. முதலில் கப்பல், பிறகு மிளகு. 1502-இல் காமா மீண்டும் கப்பல்களோடு வந்து கோழிக்கோட்டின் மேல் பீரங்கிக் குண்டு பொழிந்தார். ஹோரியின் கதையில் வரிசை மாறியிருக்கிறது. அங்கே முதலில் ஊராரின் துயரம், அடுத்து மிளகு, கடைசியில்தான் கப்பல். விளைந்த ஊருக்கு நல்லது செய்யாதவன் கைக்கு ஒரு மணி மிளகும் வராது. லட்சக்கணக்கான ஜப்பானியச் சிறுவர்கள் மிளகை அறிந்தது இந்த வரிசையில். உலக வரலாறு கடைப்பிடிக்காத நீதி அது.

நமக்கு வராத கேசட்

1990-களில் தமிழ்நாட்டு வீடுகளிலும் டிவி கேம் வந்தது. ஃபேமிகாமைப் பார்த்து நகலெடுத்த பெட்டிகள்தாம் அவை. ஒரே கேசட்டில் நூறு ஆட்டம் என்று விற்றவற்றில் மரியோ இருந்தது, கான்ட்ரா இருந்தது, துப்பாக்கியால் வாத்து சுடுவதும் இருந்தது. டிராகன் குவெஸ்ட் இல்லை. பக்கம் பக்கமாக ஜப்பானிய எழுத்து, விட்ட இடத்தைச் சேமித்து வைக்க பேட்டரி, பெரிய நினைவகம் என்று அது கேட்டவை எதுவும் மலிவு விலைக் கேசட்டுக்குள் அடங்காதவை. மிளகு விளைந்த நாட்டுக்கு அந்த மிளகின் கதை வந்து சேரவே இல்லை.

இன்று அந்தத் தடை ஒன்றும் நம் முன் நிற்கவில்லை. டொராண்டோவிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023-இல் ‘வெண்பா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மறு ஆண்டே அது பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. இட்லிப் பானையை வைத்து உலகத்தை உட்காரவைக்க முடியுமென்றால், கொல்லிமலையை வைத்து முடியாதா? ஓரியின் வில், சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவை, சித்தர் குகைகள், ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. அவற்றைக் கதையாக்க வருபவர்கள் முதலில் அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் உட்கார்ந்து கேட்கட்டும். ஹோரி பஹராத்தாவில் கடைக்காரனுக்குப் பெயர் வைத்தார். மரம் ஏறிப் பறித்தவருக்கு வைக்கவில்லை. அதை வைப்பது நம் வேலை.

(தொடரும்)