லயத்துக்கு வந்த கடைகள்

மலையகத்தில் வாசல் தேடி வந்த முதல் கடை ஒரு பெட்டி. கோப்பிக் காலத்துத் துரைமார் இறைச்சியும் சாமானும் எடுத்துவர டவுனுக்குப் பெட்டியோடு ஆள் அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்கு 'பீஃப் பொக்ஸ்' என்று பெயர். துரை பட்டியல் எழுதினால் போதும், பங்களாவுக்குச் சரக்கு வந்துவிடும். வெள்ளைக்காரர்களுக்கான கடைகளில் பேர்போன கார்கில்ஸ் 1844இல் தொடங்கியது. நுவரெலியாவில் அதன் பழைய கட்டடம் இன்றும் கடையாகத்தான் இருக்கிறது. பெட்டியைத் தலையில் வைத்து மலையேறியவன் நம்ம ஆள். அவன் தன் வீட்டுக்கு எங்கே சாமான் வாங்கினான் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

அவனுக்குக் கங்காணிதான் கடை. ஊரில் முன்பணம் கொடுத்து, மன்னார்ப் பக்கமாகக் காட்டுப்பாதையில் நடத்திக் கூட்டிவந்தவரே தோட்டத்திலும் அரிசி, கருவாடு கடனுக்குக் கொடுத்தார். வழிச்செலவும் கடன், சட்டியும் கம்பளியும் கடன். சம்பளம் மாதக்கணக்கில் பிந்தும், கடன் பிந்தாது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய காகிதம் அது. வாங்கித் தின்ற உப்பும் புளியும் சேர்ந்து ஆளுக்கே விலையாகிவிடும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

ரயில் 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருசம் நானுஓயாவுக்கும் வந்தது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிப்போன பாதையில் பர்மா அரிசி மூட்டைகள் ஏறி வந்தன. தோட்டமே அரிசி போட்டது. அரிசிக்காசு செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் கழிந்தது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தோடு அரிசி விலையும் சேர்ந்தே பேசப்பட்டது. சம்பளமும் சாப்பாடும் ஒரே பேரேட்டில்தான் இருந்தன. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து அறுந்தது. பங்கீடும் கூட்டுறவுக் கடைகளும் பெருகின, கூடவே கோதுமை மாவும். இன்றைக்குத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் விடிந்தால் ரொட்டியும் சம்பலும் என்றால், அந்த யுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்கு நினைவு தெரிந்த கடை, டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்து முச்சந்தியில் இருந்த தகரக்கடை. அம்மா கொழுந்து பறிப்பவர், எழுத்து தெரியாது. கடைக் கொப்பியை வாசித்துக் காட்டுவது என் வேலை. மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் கொப்பியில் 'சீனி கால் றாத்தல், தேங்காய் 1' என்று முதலாளி பென்சிலால் கிறுக்கியிருப்பார். அம்மா விரலை மடக்கி மடக்கிக் கேட்பார்.

"செவ்வாக்கெழம நான் கடப்பக்கமே போகலியே புள்ள. திரும்ப வாசி."

திரும்ப வாசித்தாலும் அதே தொகைதான் வரும். நம்மிடம் ஒரு கொப்பி, அவரிடம் ஒரு கொப்பி. இரண்டும் ஒத்துவராவிட்டால் அவருடையதுதான் சரி. பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம் போடுவார்கள். வாங்கிய கையோடு போய்க் கட்டிவிட்டு, அன்றைக்கே புதுப் பக்கத்தில் கடன் எழுதிக்கொண்டு வருவோம்.

டவுனுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும், பஸ் காசு வேறு. டவுனில் முகம் தெரியாதவருக்குக் கடனும் கிடையாது. அதிலும் 1974ஐ ஒட்டிய பஞ்ச வருசங்களில், காசு வைத்திருந்தவர்களுக்கே சாமான் கிடைக்கவில்லை.

அந்தக் கொப்பிக்கு வெளியே எங்களுக்கு இருந்த ஒரே வாசல் பொட்டணி வியாபாரி. முதுகில் துணி மூட்டையோடு ஏறி வந்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அவிழ்ப்பார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"என்ன தங்கச்சி, தீவாளிக்கித் தாறேன்னது, பொங்கலும் போயிருச்சே?"

"அடுத்த சம்பளத்துல கண்டிப்பா தாறேன் நானா."

இதுவும் கடன்தான். ஆனால் இவர் விலை கட்டாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு நானா வருவார். பேரம் பேச முடிந்தது, வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தது. அம்மா வியாபாரியிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த இஸ்தோப்பில்தான். தகரக்கடையில் ஒருநாளும் கேட்டதில்லை.

பாதை ஓரளவு சீரான பிறகு சக்கரம் வந்தது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன்காரர் வந்தார், சின்ன லொறியில் மரக்கறி வந்தது. அதற்கெல்லாம் மேலே பாண் ஓட்டோ. முச்சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடி அலமாரி. உள்ளே பாண், மாலுபாண், சீனி தூவிய கிம்புலா பனிஸ். பீத்தோவனின் 'ஃபர் எலீஸ்' மெட்டு வளைவுக்கு அப்பால் கேட்கும்போதே பிள்ளைகள் பாதைக்கு ஓடிவிடும். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், கூடையை இறக்காமலே முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து ஒரு பாண் வாங்குவார்கள். டவுனைவிடச் சில ரூபாய் கூடத்தான். அரைப்பேரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. ஓட்டோக்காரரும் தெரிந்தவர்களுக்குக் கடன் எழுதத்தான் செய்கிறார். ஆனாலும் வேண்டிய அன்றைக்கு, வேண்டிய அளவு, கைக்காசுக்கு வாங்கலாம் என்ற பழக்கம் வந்துவிட்டது. தகரக்கடை கொப்பியின் பிடி அங்கேதான் தளர்ந்தது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு போட்டபோது தேயிலை வேலைக்கு விலக்குக் கொடுத்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டு நடந்தது, டவுன் பூட்டிக் கிடந்தது. அனுமதி பெற்று வந்த லொறிகளும் ஓட்டோக்களும்தான் அந்த வாரங்களில் அடுப்பெரிய உதவின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் எல்லாம் தலைகீழ். பெற்றோல் வரிசையில் ஓட்டோக்கள் நாள்கணக்கில் நின்றன. எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். மலைப்பாதையில் அது எத்தனை லயத்துக்குக் காணும்? பாண் வண்டி நின்றதும் கடன் கொப்பிகள் மறுபடியும் தடித்தன.

வாசலுக்கு வரும் கடை உலகத்துக்கும் புதிதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் டுட்வைலர் என்பவர் 1925இல் ஐந்து ஃபோர்ட் லொறிகளில் கோப்பி, அரிசி, சீனி, மக்கரோனி வகை, தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம் என்று ஆறே பொருட்களை ஏற்றித் தெருத்தெருவாக விற்றார். இடைத்தரகர் இல்லாததால் கடைகளைவிட விலை குறைவு. மீக்ரோஸ் என்ற பெருநிறுவனம் அங்கே முளைத்ததுதான். அமெரிக்காவில் ரோபோமார்ட் என்ற கம்பனி, கைபேசியில் அழைத்தால் வேனையே கடையாக வாசலுக்கு அனுப்பும் திட்டத்தோடு வந்தது. எடுத்த பொருளுக்கான காசு தானாகக் கணக்கில் கழியும் என்பது அதன் பெருமை. 'தானாகக் கழியும்' என்றதும் எனக்குச் செக்ரோல் ஞாபகம் வந்தது.

நாளைக்கு ஒரு கம்பனி செயலியோடு ஹட்டன் பக்கமும் வரலாம், வரட்டும். எங்கள் பெண்கள் அவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். டவுன் விலைக்கும் உங்கள் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்? கணக்கைத் தமிழில் நாங்களே பார்த்து, பிழை என்றால் பிழை என்று சொல்லலாமா? கடனைச் சம்பளத்தில் கழிப்பீர்களா? மூன்றாவதற்கு ஆமென்றால் வண்டியை வந்த வழியே திருப்பச் சொல்லலாம். அந்தக் கடையை எங்கள் பாட்டன் காலத்திலேயே பார்த்துவிட்டோம்.